இரண்டாம் புதன், பெருமாநல்லூர்

மாதத்தில் ஒரு நாள் எனக்கென்று ஒதுக்கிய அறை,
காற்றிறங்கிய பந்துகளும் கால் ஒடிந்த கேரம் ஸ்டாண்டும்
ஏற்கெனவே குடியிருக்கும் அறை.
ஆடுகிற மேசைக்கு அட்டை மடித்து முட்டுக்கொடுத்து
கட்டைகள், படங்கள், நிறுத்துக்கடிகாரம் என்று
கடை விரிக்கிறேன்.

ஏழாம் வகுப்பு பி, தரணீஷ்.
வகுப்பாசிரியர் குறிப்பு:
கவனம் இல்லை. சேட்டை. வாய் ஓடும், கை எழுதாது.

கட்டைகளை அவன் அடுக்கிய வேகத்தில்
கடிகாரத்தை அமுக்க என் கட்டைவிரல் பிந்திவிட்டது.
அடுத்து சொற்பட்டியல்.
மலையை மழை என்றான், திரும்பிப் பார்த்து மலை என்றான்,
என் முகத்தைப் படித்துவிட்டு மறுபடி மழை என்றான்.
முகம் படிப்பதற்கு மதிப்பெண் போட
என் தாளில் கட்டம் இல்லை.

பிறகு பொய்ச்சொற்கள்.
நுபிலை. தகோறு. வெமிசம்.
எந்த அகராதியிலும் இராதவை, அதற்காகவே செய்தவை.
தெரிந்த சொல் என்றால் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம்,
இவற்றுக்குள் ஒளிந்துகொள்ள இடமில்லை.
தகோறில் நின்றான்.
சட்டை நுனியைச் சுருட்டினான்.
"ஒண்ணுக்குப் போலாங்களா மிஸ்?"

பன்னிரண்டு மணிக்கு அம்மா.
சாந்தாமணி, பனியன் கம்பெனியில் செக்கிங்.
அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்,
தோளில் இன்னும் பஞ்சு.
வளர்ச்சி வரலாற்றுப் படிவத்தை நீட்டினேன்.
"கண்ணாடி எடுத்தாரலீங்க. நீங்களே வாசிச்சு உடுங்க."
மூக்கில் கண்ணாடித் தடம் இல்லை.
நான் வாசித்தேன்.
எப்போது குப்புற விழுந்தான், எப்போது நடந்தான்,
காய்ச்சலில் வலிப்பு வந்ததா,
எல்லாவற்றுக்கும் தேதி சொன்னார், கிழமையோடு.
குடும்பத்தில் வேறு யாருக்காவது
படிக்க எழுதச் சிரமம் இருந்ததா?

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது.
வெளியே சத்துணவு வரிசையில் தட்டுகள்.

"எஸ்ஸுக்குப் பச்சை, எம்முக்கு மஞ்ச, எல்லுக்குச் செவப்பு.
ஸ்டிக்கர் கலரை மாத்தாத வரைக்கும்
என்னை ஆரும் கண்டுபுடிக்க முடியாதுங்க.
ஒரு தையல் உட்டிருந்தாக் கைக்குத் தெரிஞ்சிரும்.
அஞ்சாவதோட நின்னுட்டேன். மக்குன்னாங்க.
சரி, மக்குதான்னு இருந்துட்டேன்."
அப்புறம், பேனாவை என் பக்கம் தள்ளி,
"என்ற பையனுக்கு வெச்சதை
எனக்கும் வெச்சுப் பாருங்க."

இது குழந்தைகளுக்கானது என்றேன்.
வயதுவாரி அட்டவணை பதினைந்தோடு முடிகிறது,
உங்களுக்கு முப்பத்தாறு, ஒப்பிட ஆளில்லை என்றேன்.
"ஒப்பிட்டதெல்லாம் போதுமுங்க.
கடியாரத்தை அமுக்குங்க."

அமுக்கினேன்.
மலை. மழை. மலை.
துணியில் ஓட்டை தேடுகிற அதே விரல்
எழுத்தெழுத்தாய்த் தடவிப் போகிறது.
நுபிலையைக் கடந்தார்.
தகோறில் நின்றார்.
கதவிடுக்கில் பாதி முகம், கையில் சப்பிய பந்து:
"அங்கயேதான் நானும் நின்னேம்மா."
"பேசாம இருடா"
என்று திரும்பாமல் சொல்லிவிட்டு
மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.
நேரம் முடிந்து நாற்பது நொடி ஆகியிருந்தது.
கடிகாரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டேன்,
ஓடட்டும் என்று.

பையனுக்கு அறிக்கை ஆறு பக்கம் வரும்.
தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர்,
மூன்று இடத்தில் முத்திரை.
அவருக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது?
"எழுதவெல்லாம் வேண்டாமுங்க, போன்ல பேசி உடுங்க.
ரவைக்குப் பாத்திரம் கழுவீட்டே கேட்டுக்கறேன்."

அவிநாசி வரை போனை வாயருகே வைத்திருந்தேன்.
'மதிப்பீட்டின்படி' என்று தொடங்கி அழித்தேன்.
'தங்களது' என்று தொடங்கி அழித்தேன்.
கருமத்தம்பட்டியில் கூட்டம் இறங்கியபின்
ஜன்னலைச் சாத்திவிட்டு,
பதினேழு வருடம் அறிக்கை எழுதிய வாயால் சொன்னேன்:
"ஏனுங்க, தகோறுன்னா ஒண்ணுமே இல்லீங்க,
அது நாங்களா இட்டுக்கட்டுன சொல்லு.
அங்கிருந்தே ஆரம்பிக்கறேன், கேளுங்க."